மேட்டர் எழுதித் தர ஆள் வேணுமா? புது கிளையண்ட் தேடிய என் அனுபவம்

தனியாக வேலை எடுத்து எழுதித் தருகிற ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் நான். 2023 மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், என்னிடம் கட்டுரைகள் வாங்கிக்கொண்டிருந்த சென்னை ஏஜென்சி ஒன்றிடமிருந்து மூன்று வரி மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து கட்டுரைகள் வேண்டாம், இதுவரை எழுதியதற்கு நன்றி, கடைசி பில்லை அனுப்பிவிடுங்கள். அவ்வளவுதான். நாலு வருஷம் அவர்களுக்கு எழுதியிருந்தேன். அப்போது எனக்கு மாதம் 42,000 ரூபாய் போல வந்துகொண்டிருந்தது, அதில் 30,000 அந்த ஒரே இடத்திலிருந்து. முந்தைய நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்தே வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது எனக்குத் தெரிந்துதான் இருந்தது, ஆனாலும் முழுசாக நிற்கும் என்று நினைக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோது பயமுறுத்திய விஷயம் பணம்கூட இல்லை. அந்த நாலு வருஷத்தில் வேலை கேட்டு நான் ஒரே ஒரு கடிதம்கூட யாருக்கும் எழுதவில்லை. முதல் கிளையண்ட் தோழி மூலமாக வந்தது, அடுத்தது அந்தக் கிளையண்ட் மூலமாக வந்தது, அப்புறம் ஏஜென்சி கிடைத்தது, அதோடு தேடுவதையே விட்டுவிட்டேன். புதுசாக ஒருவரிடம் போய் "நான் எழுதுகிறேன், எனக்கு வேலை தருவீர்களா" என்று எப்படிக் கேட்பது என்பதே எனக்குத் தெரியாது. அடுத்த ஒன்றரை வருஷத்தில் அதைக் கற்றுக்கொண்டேன். எதெல்லாம் நடந்தது, எதெல்லாம் நடக்கவில்லை என்று உள்ளபடியே எழுதுகிறேன், இதே நிலைமையில் இருக்கிற யாருக்காவது கொஞ்சம் நேரம் மிச்சமாகட்டும்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஃப்ரீலான்ஸ் தளங்களில் கணக்குத் தொடங்கி, தினமும் காலையில் இரண்டு மணி நேரம் விண்ணப்பம் போட்டேன். ஆறு வாரத்தில் நாற்பது விண்ணப்பம், இரண்டு பதில், ஒரு வேலை, அதுவும் நான் வாங்கிக்கொண்டிருந்ததில் பாதி விலைக்கு. தளங்களைக் குறை சொல்லவில்லை, அங்கே நன்றாகச் சம்பாதிக்கிறவர்களை எனக்குத் தெரியும். மருத்துவம், மென்பொருள், நிதி என்று ஏதாவது ஒரு துறையை ஆழமாகத் தெரிந்தவர்கள், நல்ல ரிவ்யூ சேரும்வரை ஆறேழு மாதம் தாக்குப்பிடிக்கக் கையில் காசு வைத்திருந்தவர்கள் அவர்கள். என் சுயவிவரத்தில் முதல் வரியே "எந்தத் தலைப்பிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவேன்" என்று இருந்தது. எதுவும் எழுதுவேன் என்று சொல்கிற ஆயிரக்கணக்கானவர்களில் என்னை ஒருவர் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? அந்த வரியை இப்போது படித்தால் வருத்தமாக இருக்கிறது. எனக்குத் தனியாகத் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது, அதை அந்தச் சுயவிவரத்தில் எங்கேயும் நான் சொல்லவே இல்லை.

அந்தக் காலகட்டத்தில் சாம்பிள் என்ற பெயரில் ஏமாந்ததையும் சொல்லியாக வேண்டும். ஒரு இடத்தில் மூன்று சாம்பிள் கட்டுரை கேட்டார்கள், தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள். ராத்திரி கண்விழித்து எழுதி அனுப்பினேன். பதிலே இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதில் ஒன்று அவர்கள் இணையதளத்தில் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் வேறொருவர் பெயர். கேட்டு எழுதினேன், அதற்கும் பதில் இல்லை. அன்றிலிருந்து, அவர்கள் கொடுக்கிற தலைப்பில் முழுக் கட்டுரை எழுதுவதாக இருந்தால் பாதி விலையாவது வாங்காமல் எழுதுவதில்லை. ஏற்கெனவே வெளிவந்த வேலையைக் காட்டுவேன். அது போதாது என்பவர்களிடம் நயமாக விலகிக்கொள்வேன்.

சரி, திருப்பம் எங்கே வந்தது என்று சொல்கிறேன்.

அப்பாவுக்கு கோவை கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை. முப்பத்தைந்து வருஷமாகக் காயில் கட்டுகிறார், அதாவது எரிந்த மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுற்றைப் புதிதாகச் சுற்றித் தருகிறார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதியது அந்தக் கடையில், வார்னிஷ் வாசத்தில்தான். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு விவசாயிகள் வருவார்கள், அப்பா பிரித்துப் பார்த்து ஏன் எரிந்தது என்று சொல்லுவார். மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்கும், தெரியாமல் ஓட்டியிருப்பார்கள், மற்ற இரண்டு ஃபேஸ் அதிகக் கரண்ட் இழுத்து காயில் சூடாகிப் போயிருக்கும். இல்லையென்றால் கிணற்றில் தண்ணீர் வற்றியும் மோட்டார் ஓடியிருக்கும். இதெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஆனால் இது ஒரு படிப்பு, இதற்கு விலை உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த மே மாதம் ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு பம்ப்செட் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மிணி, நீதான் எழுதறவளாச்சே, இது என்ன சொல்லுதுன்னு பாரு" என்றார். தமிழ்ப் பக்கத்தில் "உலர்ந்து ஓடாதீர்கள்" என்று இருந்தது. இரண்டு தடவை படித்த பிறகுதான் புரிந்தது, ட்ரை ரன் ஆகவிடாதீர்கள், தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டாதீர்கள் என்பதைத்தான் யாரோ அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். குழாயின் அடியில் மாட்டுகிற ஃபுட்வால்வு "கால் வால்வு" ஆகியிருந்தது. பம்பை ஓட்டுவதற்கு முன் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது "பம்பை முதன்மைப்படுத்தவும்" என்று இருந்தது. எர்த்திங் "பூமியாக்கம்". இருபது மீட்டர் ஹெட், அதாவது தண்ணீர் ஏறுகிற உயரம், "20 மீட்டர் தலை".

எனக்குக் கோபம்தான் வந்தது. மோட்டாரைக் கொண்டுவந்திருந்தவர் சூலூர்ப் பக்கத்து விவசாயி, கடையிலேயே உட்கார்ந்திருந்தார். "படிச்சுப் பாத்தேனுங்க, ஒண்ணும் வெளங்கல, அப்புறம் நானே மாட்டிட்டேன்" என்றார். புது மோட்டார், நாலு மாதத்தில் எரிந்திருக்கிறது. காயில் கட்டுகிற செலவு, மோட்டாரை மேலே எடுத்துத் திரும்ப இறக்குகிற கூலி, நடுவில் காய்ந்த பயிர், எல்லாம் அவர் தலையில். ஒரு வரி சரியாக எழுதியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

அன்று ராத்திரி அந்தக் கையேட்டின் இரண்டு பக்கத்தை உட்கார்ந்து திரும்ப எழுதினேன், கடையில் அப்பாவும் விவசாயியும் பேசிக்கொள்கிற சொற்களிலேயே. "கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை ஓட்டாதீர்கள். ஓட்டினால் மோட்டார் எரிந்துவிடும்." காலையில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் இரண்டு இடத்தில் திருத்தினார். "இங்க ஸ்டார்ட்டர்ல ஓவர்லோடு ரிலே எத்தன ஆம்பியர் வெக்கணும்னு போடு, அதத்தான் எல்லாரும் தப்பா வெக்கறாங்க." மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்திவிடுகிற அமைப்பு அது. அதைச் சேர்த்தேன்.

அந்த இரண்டு பக்கத்தையும் கம்பெனியின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். பத்து நாள் ஆகியும் பதில் இல்லை. இந்த இடத்தில்தான் முதல் பாடம் கற்றேன், இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். பொது மின்னஞ்சலைப் பார்க்கிறவருக்கு என் கடிதத்தால் ஒரு லாபமும் இல்லை. மார்க்கெட்டிங்காரரிடம் போனால் அவர் விளம்பரத்தைப் பற்றித்தான் யோசிப்பார். அந்தக் கையேடு மோசமாக இருப்பதால் தினமும் அவதிப்படுகிறவர் யார்? சர்வீஸ் மேனேஜர். மோட்டார் எரிந்தது, வாரண்டியில் மாற்றித் தாருங்கள் என்று வருகிற ஒவ்வொரு அழைப்பும் அவருக்குத்தான் போகும். அப்பாவுக்குப் பழக்கமான டீலர் ஒருவரைக் கேட்டேன், அவர் சர்வீஸ் மேனேஜர் எண்ணை வாங்கித் தந்தார், நானும் வாட்ஸ்அப்பில் எழுதினேன். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அவரே கூப்பிட்டுவிட்டார். "மேடம், நீங்க அனுப்புன பக்கத்த எங்க பசங்க எல்லாருக்கும் காட்டுனேன். எப்ப வர முடியும்?"

யாரிடம் கேட்பது என்பதுதான் பாதி வேலை. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. ஆஸ்பத்திரிக்கு எழுதுவதாக இருந்தால், சொல்வதை நோயாளிகள் புரிந்துகொள்ளவில்லை என்று தினமும் திண்டாடுகிற நர்சிங் பொறுப்பாளர். பள்ளிக்கூடமாக இருந்தால், அட்மிஷன் சமயத்தில் ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்கிற அலுவலக ஊழியர். எழுத்து சரியில்லாததால் யாருடைய நாள் வீணாகிறதோ அவரைத் தேடுங்கள். காசு தருகிறவர் வேறொருவராக இருக்கலாம், ஆனால் உங்களுக்காக உள்ளே போய்ப் பேசப்போகிறவர் இவர்தான்.

அந்த முதல் வேலையில் விலையைத் தப்பாகச் சொன்னேன். பழக்க தோஷத்தில் ஒரு வார்த்தைக்கு ஒரு ரூபாய் ஐம்பது பைசா என்றேன். பதினாறு பக்கக் கையேடு, ஆனால் பாதி படம், மீதி அட்டவணை. மொத்தமே 2,200 வார்த்தை, 3,300 ரூபாய் வந்தது. அதற்கு நான் கம்பெனிக்கு மூன்று தடவை போய்வந்து, சர்வீஸ் ஆட்களோடு ஒருநாள் முழுக்க வண்டியில் சுற்றி, நாலு ப்ரூஃப் (அச்சடிப்பதற்கு முன் திருத்துகிற பிரதி) பார்த்திருந்தேன். கையேட்டில் வார்த்தை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அப்படியிருக்க வார்த்தைக் கணக்கில் விலை சொன்னால், நன்றாக எழுத எழுத எனக்கு நஷ்டம். அடுத்த கையேட்டுக்கு வேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக 14,000 சொன்னேன். அதே மனிதர் ஒரு வார்த்தை மறுக்காமல் சரி என்றார். இரண்டு மோட்டார் வாரண்டியில் மாற்றித் தருவதற்கு ஆகிற செலவைவிடக் குறைவு என்று பிறகு அவரே சொன்னார். அவர் கணக்கு எதில் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு விலை சொல்வதில் எனக்கிருந்த கூச்சம் பெரும்பாலும் போய்விட்டது.

அதன் பிறகு நான் தேடிய இடங்கள் எல்லாமே இதே வட்டாரம்தான். கோவையைச் சுற்றி பம்ப் கம்பெனிகளுக்குக் குறைவில்லை, ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு என்று தெருவுக்குத் தெரு பட்டறை. வெட் கிரைண்டர் இருக்கிறது, கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. பக்கத்தில் திருப்பூர், கரூர். இவர்கள் எல்லோருக்கும் கேட்டலாக், கையேடு, டீலருக்கு அனுப்புகிற கடிதம், இணையதளம் என்று எழுத்து வேலை இருக்கிறது, ஆனால் அதைச் செய்ய ஆள் இல்லை. அவர்கள் ஃப்ரீலான்ஸ் தளத்தில் போய் எழுத்தாளர் தேடுவதும் இல்லை. நான் சென்னையையும் வெளிநாட்டையும் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் வேலை என் வீட்டுத் தெருவிலேயே கிடந்திருக்கிறது.

கோவை கொடிசியா வளாகத்தில் ஜூலை மாதம் நடக்கிற அக்ரி இன்டெக்ஸ் விவசாயக் கண்காட்சிக்குப் போனேன். முதல் தடவை செய்த தப்பு, ஒவ்வொரு ஸ்டாலிலும் நின்று என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. ஒருவர் முகத்துக்கு நேராகவே, "மேடம், நாங்க விக்கறதுக்கு வாடகை கட்டி நிக்கறோம், வாங்கறதுக்கு இல்ல" என்றார். அவர் சொன்னது நியாயம். அடுத்த வருஷம் போனபோது ஒரு துணிப்பை நிறைய கேட்டலாக்கும் கையேடும் மட்டும் சேகரித்தேன். கூட்டம் குறைவான காலை நேரத்தில் போய், "இந்தப் புக்லெட் நல்லா இருக்குங்க, யார் பார்த்துக்கறாங்க இதெல்லாம்?" என்று ஒரே ஒரு கேள்வி. பெயரும் பதவியும் கிடைக்கும். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் படித்து, எதில் நான் உண்மையிலேயே உதவ முடியுமோ அதை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். கண்காட்சி முடிந்து பத்து நாள் கழித்து, அவர்கள் களைப்பெல்லாம் தீர்ந்த பிறகு எழுதினேன்.

என்ன எழுதினேன் என்று பலர் கேட்கிறார்கள், அதனால் ஒன்றை அப்படியே தருகிறேன், கம்பெனி அடையாளம் மட்டும் இல்லாமல். அதில் வருகிற சப்மெர்சிபிள் என்பது தண்ணீருக்குள் மூழ்கியபடி ஓடுகிற மோட்டார்.

"வணக்கம் சார். நான் கோவை கணபதியில் இருக்கிறேன், பம்ப் மோட்டார் கையேடுகள் எழுதுகிறேன். கண்காட்சியில் உங்கள் 5 ஹெச்பி சப்மெர்சிபிள் கையேட்டை வாங்கிப் படித்தேன். குழிக்குள் இறக்குவதற்கு முன் மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீர் நிரப்ப வேண்டும் என்ற வரி ஆங்கிலத்தில் 6-ம் பக்கம் இருக்கிறது, தமிழில் விடுபட்டிருக்கிறது. அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்கள் அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். முழுக் கையேட்டையும் இதேபோல் எழுதித் தர முடியும். இந்த வாரம் வியாழன் அல்லது வெள்ளி காலையில் பத்து நிமிடம் பேசலாமா?"

அவ்வளவுதான். என் படிப்பு, எத்தனை வருஷ அனுபவம், என் கனவு எதுவும் இல்லை. இலவசமாக எழுத மாட்டேன் என்று மேலே சொல்லிவிட்டு இங்கே ஒரு பக்கம் சும்மா தருகிறாளே என்று தோன்றலாம். இரண்டும் வேறு. அங்கே அவர்கள் கேட்ட தலைப்பில் அவர்களுக்குத் தேவையான முழு வேலையைச் செய்தேன். இங்கே நானாகத் தேர்ந்தெடுத்த ஒரே பக்கம், ஒரு மணி நேர வேலை, அது என்னிடமிருந்து போனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சொல்லப்போனால் அந்த வரி கையேட்டில் ஏறினால் எங்கேயோ ஒருவர் மோட்டார் எரியாமல் தப்பிக்கும், எனக்கு வேலை தராவிட்டாலும் அது நடந்தால் சந்தோஷம்தான்.

இந்த மாதிரி எழுதும்போது கவனிக்க வேண்டியது, குறை கண்டுபிடிப்பதில் சந்தோஷப்படுகிற தொனி வந்துவிடக் கூடாது. அந்த மோசமான தமிழை எழுதியவர் அந்தக் கம்பெனி முதலாளியின் மகளாகக்கூட இருக்கலாம். "தப்பு" என்று எழுத மாட்டேன், "விடுபட்டிருக்கிறது", "இப்படி இருந்தால் இன்னும் எளிதாக இருக்கும்" என்பேன். ஒரே ஒரு இடத்தை மட்டும் சுட்டுவேன், இருபது இருந்தாலும்.

நாலு மாதத்தில் இப்படி 31 பேருக்கு எழுதினேன். ஒன்பது பேர் பதில் போட்டார்கள், நாலு பேர் வேலை கொடுத்தார்கள், அதில் இரண்டு பேர் இன்றைக்கும் தொடர்கிறார்கள். தளத்தில் போட்ட நாற்பதோடு ஒப்பிட்டால் எனக்கு இது எவ்வளவோ மேல். பதில் போடாதவர்களுக்கு மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் ஒரு தடவை நினைவூட்டுவேன், அத்தோடு சரி. ஆரம்பத்தில் சிலருக்கு மூன்றாவது தடவையும் எழுதிப் பார்த்தேன், அவர்களில் யாரும் எனக்கு வேலை தரவில்லை.

கடிதத்தைவிட அதிகமாக வேலை வந்த வழி ஒன்று இருக்கிறது, அது நான் எதிர்பார்க்காதது. அச்சகம். காந்திபுரத்தில் அந்தக் கையேட்டை அடித்த ஆஃப்செட் பிரஸ்ஸில் ப்ரூஃப் பார்க்க உட்கார்ந்திருந்தபோது, அங்கே டிசைன் செய்கிற தம்பி போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான்: "அண்ணா, டிசைன் முடிஞ்சு ஒரு வாரமாச்சு, மேட்டர் இன்னும் வரலீங்ணா." மேட்டர் என்றால் அச்சில் ஏற வேண்டிய எழுத்து. போனை வைத்ததும் கேட்டேன். வாரத்துக்கு இரண்டு மூன்று வேலையாவது மேட்டர் வராமல் நிற்கிறதாம். கம்பெனிக்காரர் எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று சொல்வார், எழுத மாட்டார், பிரஸ்ஸுக்குப் பணம் முடங்கும். "அடுத்த தடவை மேட்டர் எழுதித் தர ஆள் வேணுமான்னு கேட்டுப் பாருப்பா, என் நம்பர் கொடு" என்றேன். பத்தே நாளில் முதல் அழைப்பு வந்தது. இப்போது மூன்று பிரஸ், இரண்டு டிசைனர், ஒரு இணையதளம் செய்கிற பையன், இவர்கள் வழியாகத்தான் என் வேலையில் பாதி வருகிறது. எழுத்து வராததால் யாருடைய வேலை நிற்கிறதோ அவர்களிடம் பழக வேண்டும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஒருவர் பத்து சதவீதம் கமிஷன் கேட்டார், கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அவர் வேலையைச் சொன்ன தேதிக்குள் முடித்துக் கொடுக்கிறேன், எனக்கு வருகிற டிசைன் வேலையை அவருக்கு அனுப்புகிறேன். அவருக்கும் இப்போது அதுதான் பிடித்திருக்கிறது.

பழைய கிளையண்டுகளிடம் கேட்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க சார்" என்று பலமுறை கேட்டிருக்கிறேன், எல்லோரும் "கண்டிப்பா மேடம்" என்பார்கள், ஒன்றும் வராது. யாராவது என்றால் அவர்கள் மனதில் யார் முகமும் வருவதில்லை. இப்போது, "சார், உங்க டீலர் மீட்டிங்குக்கு வர்ற கிரைண்டர் கம்பெனிக்காரங்கள்ல யாராவது புதுசா மாடல் விடறாங்களா?" என்று கேட்கிறேன். உடனே ஒரு பெயர் வரும். கேட்கிற நேரமும் முக்கியம். வேலையை முடித்துக் கொடுத்து, நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொன்ன அந்த நிமிடம்தான். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அந்த ஈரம் காய்ந்திருக்கும்.

வேலை மாறிப் போகிறவர்களையும் விடாதீர்கள். ஏஜென்சியில் என் கட்டுரைகளைத் திருத்திய பெண் ஒருவர் பிறகு ஒரு மருத்துவமனையின் தகவல் பிரிவுக்குப் போனார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புவேன், வேறொன்றும் பேசியதில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அவரே கூப்பிட்டு, சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற தாள்கள் எழுத வேண்டும் என்றார். என்னை வேண்டாம் என்று சொன்ன அதே இடத்திலிருந்து வந்த உறவு. அந்த மூன்று வரி மின்னஞ்சலுக்கு நான் கோபமாகப் பதில் எழுதாமல் நன்றி சொல்லி முடித்தது எவ்வளவு நல்லது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பணம் வாங்குவதைச் சொல்லாமல் கிளையண்ட் தேடுவதைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை, ஏனென்றால் காசு தராத கிளையண்ட் ஒருவரால் நீங்கள் தேடவேண்டிய நேரமும் போகும், தெம்பும் போகும். ஒரு கம்பெனி 18,000 ரூபாயை ஐந்து மாதம் இழுத்தது. வாரம் ஒரு போன், ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். அதன் பிறகு புதியவர்களிடம் பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் ஆரம்பிப்பதில்லை. முன்பணம் தர யோசிக்கிறவர் முழுப் பணம் தரவும் யோசிப்பார், என் அனுபவத்தில் இதில் விதிவிலக்கே இல்லை.

இன்னொன்று, உத்யம் பதிவு. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, 2020 ஜூலையில் தொடங்கியது, இணையத்தில் ஆதாரும் பானும் வைத்து நாமே செய்யலாம், கட்டணம் கிடையாது. தனி ஆளாக எழுதுகிறவர்களும் சேவைத் தொழில் என்று பதியலாம். 2006-ம் வருஷத்துச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய பணத்தை எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் தர வேண்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் தராவிட்டால் பணத்தைக் கொடுக்கிற வருஷம் வரை அதைச் செலவாகக் காட்டி வரியில் கழிக்க முடியாது என்றும் வந்துவிட்டது. அதனால் கம்பெனி ஆடிட்டர்களே இப்போது உத்யம் பதிவு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். என் பில்லில் மேலேயே உத்யம் எண்ணைப் போடுகிறேன், சண்டை போடாமலே பில் சீக்கிரம் பாஸ் ஆகிறது. அப்புறம், பெரிய கம்பெனிகள் பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது நம் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கிற பணம், பிடித்துக்கொண்டு தருவார்கள், பான் எண் கொடுக்க மறந்தால் இருபது சதவீதம் போய்விடும். பிடித்தது நம் பெயரில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிஎஸ்டி எண் இல்லையா என்று சிலர் கேட்பார்கள், சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை கட்டாயமில்லை என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "சாட்ஜிபிடியே எழுதித் தருதே, உங்களுக்கு எதுக்குக் காசு?" என்று என்னிடமும் கேட்கிறார்கள். இயந்திரம் எழுதுகிற தமிழ் வருஷத்துக்கு வருஷம் மேலாகிக்கொண்டுதான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் நான் விற்பது வாக்கியத்தை மட்டுமல்ல. எழுதி முடித்ததும் பிரின்ட் எடுத்துக்கொண்டு அப்பா கடைக்குப் போகிறேன். அங்கே உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரிடம் கொடுத்து, படித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அந்த வரியை மாற்றுகிறேன். எந்தெந்த வரியில் நின்றார்கள், எப்படி மாற்றினேன் என்பதை ஒரு தாளில் எழுதி வேலையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். கிளையண்ட் அந்தத் தாளைத்தான் முதலில் படிக்கிறார். சிலர் இயந்திரத்தில் எழுதிய பிரதியைக் கொடுத்துத் திருத்தித் தரச் சொல்கிறார்கள், அதையும் செய்கிறேன், விலையைக் குறைப்பதில்லை, ஏனென்றால் மேற்சொன்ன வேலை முழுசும் அதற்கும் உண்டு.

கடைசியாகப் பழகிக்கொண்டதும் கஷ்டமானதும் இதுதான்: கை நிறைய வேலை இருக்கிறபோது தேடுவது. முதல் கடிதத்துக்கும் முதல் பணத்துக்கும் நடுவில் எனக்குச் சராசரியாக மூன்றிலிருந்து நாலு மாதம் ஆகிறது. ஆடியில் எழுதிய கடிதத்துக்கு ஐப்பசியில்தான் காசு. ஐப்பசியில் வேலை இல்லை என்று அப்போது தேட ஆரம்பித்தால் தை மாதம் வரை பட்டினிதான், பயத்தோடு எழுதுகிற கடிதத்தில் அந்தப் பயமும் தெரிந்துவிடும், விலையையும் நாமே குறைத்துச் சொல்லிவிடுவோம். அதனால் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, என்ன அவசர வேலை இருந்தாலும், தேடுவதற்கு மட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன், யாருக்கு எழுதினேன், எந்தத் தேதி, என்ன சொன்னார், அடுத்து எப்போது பேச வேண்டும். மாதத்துக்கு எட்டுக் கடிதம், அதற்கு மேல் நன்றாக எழுத முடியவில்லை. எந்த ஒரு கிளையண்டும் மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன், போனால் அந்த மாதம் எட்டுக் கடிதம் பத்தாகும்.

இந்த வாரச் செவ்வாய்க்கு ஒரு கிரைண்டர் கம்பெனி புக்லெட்டை எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா போன மாதம் வாங்கிய கிரைண்டரோடு வந்தது. புதுக் கல்லில் முதலில் கொஞ்சம் அரிசி ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அரைத்துக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் மாவில் கல் துகள் வரும், இது எல்லா வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியும். ஆனால் முதன்முதலாகக் கிரைண்டர் வாங்குகிற சின்ன வயசுக்காரர்களுக்குத் தெரியாது. புக்லெட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தப் பக்கத்தை நேற்றே எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அரிசிய நெறைய போடச் சொல்லாத, வீணாப் போகும், பழைய அரிசின்னு போடு" என்றார். மாற்றிவிட்டேன். அந்தக் கம்பெனியில் சர்வீஸ் யார் பார்க்கிறார்கள் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை, பிரஸ் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.